4060 போட்டும் எஃப்பிஎஸ் ஏறவில்லையா? கார்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வியின் சாரம் இது. கொளத்தூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே ஓர் அறை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிய கம்ப்யூட்டர்: ரைஸன் 5 5600ஜி பிராசஸர், பி450 போர்டு, 3200 வேக ரேம் 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக, ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சப்ளைப் பெட்டி), முன்பக்கம் கண்ணாடி வைத்த கேபினெட், 144 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டர். சைபர்பங்க் 2077 விளையாட்டில் நகரத் தெருக்களில் 42 முதல் 55 எஃப்பிஎஸ்தான் (செகண்டுக்கு இத்தனை ஃப்ரேம், அதாவது படம்), நடுநடுவே திக்கல் வேறு. கிராஃபிக்ஸ் செட்டிங்ஸை அல்ட்ராவிலிருந்து மீடியத்துக்கு இறக்கியும் ஐந்து எஃப்பிஎஸ்கூடக் கூடவில்லை. வாலரன்ட் 60-ஐத் தாண்டவே மறுக்கிறது. யூடியூபில் இதே கார்டு 100-க்கு மேல் ஓடுகிறது. கடையில் கேட்டால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள், இல்லையென்றால் 4070-க்குப் போங்கள் என்கிறார்கள். என்ன செய்வது?

இரண்டையும் இப்போது செய்யாதீர்கள். 4070 போட்டாலும் அதே தெருக்களில் ஏறத்தாழ அதே 42 முதல் 55 வரைதான் வரும். அதற்கான ஆதாரம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: அல்ட்ராவிலிருந்து மீடியத்துக்கு இறக்கினால் பெரும்பாலும் கார்டின் வேலைதான் குறையும். அது குறைந்தும் எண் அசையவில்லை என்றால், கார்டு ஏற்கெனவே வேறு எதற்கோ காத்துக் கிடக்கிறது.

ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இரண்டு கட்ட வேலை உண்டு. முதலில் பிராசஸர், யார் எங்கே நிற்கிறார்கள், எந்தப் பொருள் கண்ணில் படும், எதை வரைய வேண்டும் என்று கணக்கிட்டுக் கட்டளைகளைத் தயார் செய்கிறது. அந்தப் பட்டியல் வந்த பிறகே கார்டு வரையும். டிபன் கடையில் கல் காய்ந்து நின்றாலும் மாவு அரைத்து வராவிட்டால் தோசை வராது. கல்லைப் பெரிதாக்கிப் பயனில்லை. 60 எஃப்பிஎஸ் வேண்டும் என்றால் இரண்டு கட்டமும் தனித்தனியே 16.7 மில்லி செகண்டுக்குள் முடிய வேண்டும். 144-க்கு 6.9 மில்லி செகண்ட்தான்.

ஆகவே முதல் வேலை அளப்பது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளை நிறுவுங்கள். கூடவே, எண்களைத் திரையில் காட்டும் ரிவாட்யூனரும் வரும். கார்டு எந்த கம்பெனியுடையதாக இருந்தாலும் இது வேலை செய்யும். மானிட்டரிங் பக்கத்தில் ஜிபியு (கார்டின் சிப்) யூசேஜ், ஜிபியு டெம்பரேச்சர், கோர் கிளாக், பவர், மெமரி யூசேஜ், சிபியு (பிராசஸர்) த்ரெட் ஒவ்வொன்றின் யூசேஜ், சிபியு டெம்பரேச்சர், ரேம் யூசேஜ், ஃப்ரேம்டைம் (ஒரு ஃப்ரேம் எடுக்கும் நேரம்) ஆகியவற்றை டிக் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஆன்-ஸ்கிரீன் டிஸ்ப்ளேயையும் இயக்குங்கள். ஃப்ரேம்டைமை மட்டும் கிராஃபாக வையுங்கள். திக்கல் எப்போது வருகிறது என்பது அதில் ஊசி முனையாகத் தெரியும். பிறகு நகரத்தின் அதே தெருவில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். வேறுவேறு இடங்களில் எடுத்த எண்களை ஒப்பிட்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஜிபியு யூசேஜ் 95 முதல் 99 வரை நின்றால் கார்டு முழுமூச்சாக உழைக்கிறது. அப்போது செட்டிங்ஸைக் குறைத்தால் பலன் இருக்கும். 50, 60, 70 என்று தள்ளாடினால் கார்டு காத்திருக்கிறது. இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சிபியு யூசேஜ் மொத்தமாக 45 சதவீதம் என்று காட்டும், 'பிராசஸர் சும்மாதானே இருக்கிறது' என்று தோன்றும். 5600ஜியில் 12 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் ஓடக்கூடிய 12 வேலை வரிசை. அதில் விளையாட்டின் முக்கிய த்ரெட் ஒன்று மட்டும் 95-ஐத் தொட்டு, மற்றவை 40-ஐ ஒட்டி இருந்தாலும் சராசரி 45 என்றே வரும். அந்த ஒரு த்ரெட்தான் எஃப்பிஎஸ்ஸைக் கட்டிப்போடுகிறது. அதனால்தான் த்ரெட் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்கச் சொல்கிறேன். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? ரெசல்யூஷனை 1280 x 720-க்கு இறக்கிப் பாருங்கள். எண் மாறவில்லை என்றால் தடை பிராசஸர், ரேம் பக்கம்தான்.

வாலரன்ட் 60-இல் நிற்பது வேறு கதை. தள்ளாடாமல் சரியாக ஒரு வட்ட எண்ணில் நின்றால் எங்கோ வரம்பு போடப்பட்டிருக்கிறது. விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டை (திரை செகண்டுக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்பதை) பாருங்கள். புது மானிட்டரை மாட்டினால் விண்டோஸ் பெரும்பாலும் 60-இலேயே விட்டுவிடும். 144 என்ற தேர்வே பட்டியலில் இல்லையென்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். விலை குறைந்த மானிட்டர்களில் ஹெச்டிஎம்ஐ வழியாக முழு வேகம் கிடைக்காமல், டிஸ்ப்ளேபோர்ட்டில் மட்டும் கிடைப்பது சகஜம். அடுத்து விளையாட்டுக்குள் வி-சிங்க் (எஃப்பிஎஸ்ஸைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் செட்டிங்), லிமிட் எஃப்பிஎஸ் இரண்டையும், என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃப்ரேம் ரேட்டையும் பாருங்கள். இவ்வளவுதான், ஐந்து நிமிடத்தில் முடியும்.

கேபிளைத் தொடும்போதே அது எங்கே செருகியிருக்கிறது என்றும் பாருங்கள். 5600ஜிக்குள் வேகா கிராஃபிக்ஸ் இருப்பதால், போர்டில் யூஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹெச்டிஎம்ஐயில் செருகினாலும் படம் வரும். அதனால் தவறு வெளியே தெரியாது. அந்த நிலையில், விளையாட்டு 4060-இல் ஓடினாலும் வரைந்த ஒவ்வொரு ஃப்ரேமும் மறுபடி பிராசஸர் பக்கம் நகலாகித்தான் வெளியே போகும். கேபிள் கீழே கார்டின் துளையில்தான் இருக்க வேண்டும். மாற்றிய பிறகு பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் போர்டின் செட்டிங்ஸ் பக்கம்) இன்டகிரேட்டட் கிராஃபிக்ஸை அணைத்துவிடுங்கள். அது ரேமில் 512 எம்பி முதல் 2 ஜிபி வரை தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் ஹார்ட்வேர் ரிசர்வ்டு என்ற வரியில் அதன் அளவு தெரியும்.

இனி உங்கள் கேஸில் முதல் சந்தேகத்துக்குரியது: ரேம். ஒரே ஸ்டிக் என்றால் பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே ஒரு சேனல்தான் திறந்திருக்கிறது. 3200 வேகத்தில் ஒரு சேனலின் அகலம் செகண்டுக்கு 25.6 ஜிபி, இரண்டு ஸ்டிக் போட்டால் 51.2 ஜிபி. அதுவும் அந்த ஸ்டிக் உண்மையிலேயே 3200-இல் ஓடினால்தான். பெட்டியில் 3200 என்று அச்சிட்டிருந்தாலும் பல ஸ்டிக்குகள், அந்த வேகத்தைக் கொண்டுவரும் எக்ஸ்எம்பி என்ற பயாஸ் செட்டிங்கை இயக்காதவரை 2133, 2400 அல்லது 2666-இல்தான் எழும். டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் ஸ்பீட், ஸ்லாட்ஸ் யூஸ்டு இரண்டும் தெரியும். 2400-இல் ஒற்றை ஸ்டிக் என்றால் கிடைப்பது 19.2 ஜிபிதான். நகரத்தில் கூட்டமும் வண்டிகளும் நிறைந்த தெருவில் பிராசஸர் திணறி, அறைக்குள் போனால் சரியாகிறது என்றால் இந்தக் கணக்கோடு அது அப்படியே பொருந்துகிறது.

5600ஜியில் இந்தக் குறை இன்னும் அதிகமாகத் தெரியும். 'ஜி' இல்லாத 5600-இல் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு மெமரி) 32 எம்பி. 5600ஜியில் 16 எம்பிதான். கேஷ் பாதியாக இருந்தால் பிராசஸர் அடிக்கடி ரேமிடம் ஓட வேண்டும். அந்த வழி ஒற்றையடிப் பாதையாக இருந்தால் இரட்டைத் தண்டனை. சராசரியை விட 1% லோ எண்ணில்தான் (மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களின் எஃப்பிஎஸ்) இது பளிச்சென்று தெரியும். நீங்கள் சொல்லும் திக்கலின் பெரும்பகுதி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது: பூட் ஆகும்போது டெலிட் விசையைத் தட்டி பயாஸுக்குள் போங்கள். எக்ஸ்எம்பி என்றிருக்கும், ஏசூஸ் போர்டில் டிஓசிபி, எம்எஸ்ஐயின் பழைய போர்டுகளில் ஏ-எக்ஸ்எம்பி. அதை இயக்கி, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். அடுத்து இன்னொரு 16 ஜிபி ஸ்டிக். கடைக்குப் போகும்போது பழைய ஸ்டிக்கைக் கையோடு எடுத்துப் போய், ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணை முழுசாகப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். வேகம் ஒன்றாக இருந்து டைமிங் வேறாக இருந்தாலே சில ஜோடிகள் முரண்டு பிடிக்கும். போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். முதல் இரண்டிலோ கடைசி இரண்டிலோ போட்டால் இரண்டும் ஒரே சேனலில் உட்கார்ந்துவிடும், செலவு செய்தும் பலன் வராது. சிபியு-இசட் மென்பொருளின் மெமரி பக்கத்தில் சேனல் என்ற இடத்தில் டூயல், அல்லது 2 x 64 பிட் என்று வர வேண்டும். எக்ஸ்எம்பி போட்டபின் திரை கறுப்பாகவே நின்றால் பதற வேண்டாம். போர்டு தானே சில முறை முயன்று பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் மின்சாரத்தை நிறுத்தி, போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் போதும்.

ரேமுக்கு அடுத்து, கார்டையும் பிராசஸரையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை. 4060 பார்க்க முழு நீளக் கனெக்டரோடு இருந்தாலும் உள்ளே 8 லேன்தான். நான்காம் தலைமுறையில் அந்த 8 லேன் செகண்டுக்கு ஏறத்தாழ 16 ஜிபி கடத்தும். உங்கள் பிராசஸரும் பி450 போர்டும் மூன்றாம் தலைமுறை, ஆக 8 ஜிபிதான். விளையாட்டு கார்டின் சொந்த மெமரியான 8 ஜிபி விராமுக்குள் அடங்கும்வரை இந்த வித்தியாசம் பெரிதாகத் தொந்தரவு தராது. விராம் நிரம்பி வழிந்தால்தான் வினை: டெக்ஸ்சர்கள் (பொருட்களின் மேற்பரப்புப் படங்கள்) ரேமில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு தேவைக்கும் இந்தக் குறுகலான பாதையில் வர வேண்டியிருக்கும். டாஸ்க் மேனேஜரின் ஜிபியு பக்கத்தில் டெடிகேட்டட் மெமரி 7.5 ஜிபியைத் தாண்டி, ஷேர்டு மெமரி மளமளவென ஏறினால் வழிகிறது என்று பொருள். டெக்ஸ்சரை ஒரு படி மட்டும் இறக்குங்கள். 1080பியில் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது கஷ்டம், திக்கல் மட்டும் போய்விடும்.

கார்டு எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்பதையும் உறுதி செய்யுங்கள். பிராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் நீள ஸ்லாட் மட்டுமே பிராசஸரோடு நேரடி இணைப்பு. பி450 போர்டுகளின் இரண்டாவது நீள ஸ்லாட் சிப்செட் வழியாகப் போகும், வழக்கமாக இரண்டாம் தலைமுறையின் 4 லேன், அதாவது 2 ஜிபி. ஜிபியு-இசட் என்ற மென்பொருளில் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற வரியைப் பாருங்கள். பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓட விட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க 1.1 என்று இறங்கிக் காட்டுவது இயல்பு. ஓடும்போது 8 லேன், 3.0 என்று வர வேண்டும். 4 லேன் அல்லது 1 லேன் என்று வந்தால் கார்டைக் கழற்றி, தங்கக் கால்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, கிளிக் என்று பூட்டும்வரை அழுத்துங்கள். ரைசர் கேபிள் (கார்டை ஸ்லாட்டோடு நீட்டி இணைப்பது) போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டுச் சோதியுங்கள்.

சூட்டுக்கு வருவோம். சென்னையில் இதைத் தனியாகப் பேசியே ஆக வேண்டும். கூலர் எதுவாக இருந்தாலும் அறைக் காற்றைக் கொண்டுதான் குளிர்விக்கிறது. ஏசி அறையில் 25 டிகிரியில் 70-இல் நிற்கும் கார்டு, கத்திரி வெயில் மதியத்தில் தளம் காய்ந்து 36 டிகிரியில் தகிக்கும் அறையில் 81-ஐ எட்டும். வெளிநாட்டு ரிவ்யூக்களில் அறை 20, 22 டிகிரியில் இருக்கும். அவர்கள் காட்டும் சூட்டோடு உங்கள் சூட்டை நேராக ஒப்பிடாதீர்கள். 4060 அதிகபட்சம் 115 வாட்டும் 5600ஜி 88 வாட்டும் இழுக்கும். இரண்டும் சேர்ந்து 200 வாட் சூடு அந்தப் பெட்டிக்குள் கொட்டுகிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்றால் மூன்று ஆர்ஜிபி ஃபேன் சுற்றினாலும் ஓரத்து இடுக்கு வழியாகத்தான் காற்றை உறிஞ்ச முடியும்.

சோதனை எளிது. பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்து, ஒரு டேபிள் ஃபேனை உள்நோக்கித் திருப்பி இருபது நிமிடம் விளையாடுங்கள். சூடு எட்டுப் பத்து டிகிரி இறங்கினால் குறை கேபினெட்டின் காற்றோட்டத்தில். அதோடு எஃப்பிஎஸ்ஸும் ஏறினால் சூடு உங்கள் வேகத்தைத் தின்கிறது. சூடு மட்டும் இறங்கி எஃப்பிஎஸ் அப்படியே இருந்தால், காற்றோட்டத்தைச் சரிசெய்வது நல்லதுதான், ஆனால் இந்தப் பிரச்சினைக்கு அது மருந்தாகாது. 4060-இன் அதிகாரபூர்வ பூஸ்ட் 2,460 மெகாஹெர்ட்ஸ். ஜிபியு யூசேஜ் 99-இல் இருக்கும்போது கிளாக் அதற்குக் கீழே விழுந்தால் ஜிபியு-இசட்டில் பெர்ஃப்கேப் ரீசன் (வேகம் எதனால் தடுக்கப்படுகிறது) என்ற வரியைப் பாருங்கள். பவர், வோல்டேஜ் என்று வருவது அன்றாடம். தெர்மல் என்று வந்தால் கவனிக்க வேண்டும். 5600ஜியின் எல்லை 95 டிகிரி. கூடவே வரும் சின்னக் கூலர் நம்ம ஊர் மே மாதத்தில் அதை நெருங்கும்.

ஃபேன் திசையை ஒருமுறை கையைக் காற்றில் காட்டி உறுதி செய்யுங்கள். சட்டகக் கம்பிகள் இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். முன்னால் உள்ளே, பின்னால் வெளியே. கேபினெட்டை கம்ப்யூட்டர் டேபிளின் அடைப்புக்குள் தள்ளி வைத்திருந்தால் வெளியே இழுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் ஓரம் என்றால் கடற்காற்றின் ஈரத்தில் தூசி பசைபோல ஒட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றித் துடைப்பது அவசியம். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அதிவேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும். ஏசி இல்லாத அறை என்றால் ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 85-க்கு இறக்கிப் பாருங்கள். வேகத்தில் இழப்பு சொற்பம், சூடும் சத்தமும் நன்றாகவே குறையும்.

எஸ்எம்பிஎஸ் பற்றிக் கடைக்காரர் சொன்னதை நான் ஏற்கவில்லை. சப்ளை போதவில்லை என்றால் கம்ப்யூட்டர் சட்டென்று அணையும், ரீஸ்டார்ட் ஆகும், திரை கறுத்து டிரைவர் விழும். ஒழுங்காக ஓடிக்கொண்டே எஃப்பிஎஸ் மட்டும் பாதியாகக் குறைவது சப்ளை குறையின் அடையாளம் இல்லை. 115 வாட் கார்டுக்கு நல்ல 550 வாட் தாராளம். கேபினெட்டோடு இலவசமாக வந்த பெயர் தெரியாத பெட்டி என்றால் மட்டும் பாதுகாப்புக்காக மாற்றுங்கள். அதனால் எஃப்பிஎஸ் ஏறாது. கோடையில் சாயங்காலம் லோ வோல்டேஜ் வந்தாலும், 100 முதல் 240 வோல்ட் என்று லேபிளில் போட்ட எஸ்எம்பிஎஸ் அதைச் சமாளித்துக்கொள்ளும். 600 விஏ யூபிஎஸ் ஏறத்தாழ 360 வாட்தான் தாங்கும். விளையாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அது மாறும் நொடியில் கம்ப்யூட்டர் அணைவதுண்டு. இதற்கும் எஃப்பிஎஸ்ஸுக்கும் சம்பந்தமில்லை.

டிரைவர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பு ஏஎம்டி கார்டு இருந்தாலோ, 5600ஜியின் கிராஃபிக்ஸிலேயே சில நாள் ஓட்டியிருந்தாலோ, இணையத்தைத் துண்டித்து, சேஃப் மோடில் டிடியு (பழைய டிரைவரை வேரோடு நீக்கும் மென்பொருள்) ஓட்டிச் சுத்தம் செய்து, புது டிரைவரைப் போடுங்கள். அதன்பின் முதல் சில நிமிடம் ஷேடர்கள் (கார்டு வரைவதற்கான சிறு நிரல்கள்) மறுபடி தயாராகும். அப்போது வரும் திக்கலை வைத்து முடிவு கட்ட வேண்டாம். விளையாட்டு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். பயாஸில் அபவ் 4ஜி டீகோடிங், ரீசைசபிள் பார் இரண்டையும் இயக்குங்கள்; கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுக இவை வழிவிடும். சிஎஸ்எம் (பழைய பூட் முறைக்கான செட்டிங்) அணைந்திருந்தால்தான் அது வேலை செய்யும்; விண்டோஸ் பழைய எம்பிஆர் டிஸ்க் முறையில் நிறுவப்பட்டிருந்தால் முதலில் ஜிபிடிக்கு மாற்றாமல் சிஎஸ்எம்மை அணைக்காதீர்கள், பூட் ஆகாது.

யூடியூபின் 100 எஃப்பிஎஸ் எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். கார்டைச் சோதிப்பவர்கள், பிராசஸர் தடையாகிவிடக் கூடாது என்பதற்காகவே சந்தையில் உள்ள உச்சகட்ட பிராசஸரைப் போடுவார்கள். பல வீடியோக்களில் டிஎல்எஸ்எஸ்ஸும் ஃப்ரேம் ஜெனரேஷனும் இயங்கும். டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி 1080பியில் உண்மையில் 720பியில் வரைந்து பெரிதாக்குகிறது. ஃப்ரேம் ஜெனரேஷன், இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே ஒன்றைத் தானே உருவாக்கிச் சேர்க்கிறது. பிராசஸர் தடையாக இருக்கும் உங்கள் நிலையில் டிஎல்எஸ்எஸ் அதிகம் உதவாது. ஃப்ரேம் ஜெனரேஷன் எண்ணை ஏற்றும், ஆனால் மவுஸ் தொடுகை 45 எஃப்பிஎஸ் போலவே கனமாக இருக்கும். ரே ட்ரேசிங்கை அணையுங்கள், அது பிராசஸருக்கும் சுமை. க்ரவுட் டென்சிட்டியைக் குறையுங்கள். உங்கள் கேஸில் நிஜமாகவே பலன் தரும் செட்டிங் அதுதான்.

ரேமை இரட்டையாக்கி, எக்ஸ்எம்பி போட்டு, இதெல்லாம் செய்தும் நகரத்தில் போதவில்லை என்றால் காசு பிராசஸருக்குப் போகட்டும். பி450-இலேயே பயாஸ் அப்டேட் செய்து ரைஸன் 7 5700எக்ஸ்3டி போடலாம்; எல்3 கேஷ் 96 எம்பி. கிடைக்காவிட்டால் 5600 அல்லது 5700எக்ஸ். 5700எக்ஸ்3டியோடு கூலர் வராது, ஒரு நல்ல டவர் கூலரையும் கணக்கில் சேருங்கள். பயாஸ் அப்டேட்டைப் பழைய பிராசஸர் இருக்கும்போதே முடித்துவிடுங்கள், கரண்ட் போகாத நேரமாகப் பார்த்து.

கடைசியாகக் கார்டு. உங்களுடையது புதுசு, சந்தேகம் குறைவு. ஆனால் செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் கடையிலேயே ஜிபியு-இசட்டைத் திறந்து பார்ப்பது நல்லது. பழைய கார்டின் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்பார்கள். ஜிபியு-இசட் அதன் பெயருக்கு முன்னாலேயே போலி என்று காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ் 580 என்று 2,304 ஷேடர் யூனிட் (கார்டின் கணக்கிடும் அலகு) இருக்க வேண்டிய இடத்தில் 2,048 இருக்கும். ஆர்டிஎக்ஸ் 3050-இல் 8 ஜிபி கார்டு 128 பிட், 6 ஜிபி கார்டு 96 பிட். பெயர் ஒன்று, பலம் வேறு. ஜிடி 1030-இல் டிடிஆர்4 வகை, ஜிடிடிஆர்5 வகையின் கிட்டவே வராது.

உங்கள் கார்டைத் தனியாகச் சோதிக்க ஸ்டீமில் 3டிமார்க் டெமோ இலவசம். அதில் டைம் ஸ்பை என்ற சோதனையை ஓட்டினால் கிராஃபிக்ஸ் ஸ்கோர், சிபியு ஸ்கோர் என்று தனித்தனியாகத் தரும். 4060-க்கு கிராஃபிக்ஸ் ஸ்கோர் 10,500-ஐ ஒட்டி வந்தால் கார்டு நலம், மேலே சொன்ன ரேம், பிராசஸர் வேலையைப் பாருங்கள். சூடும் ஸ்லாட்டும் கேபிளும் சரியாக இருந்து, நண்பர் வீட்டு கம்ப்யூட்டரில் மாட்டியும் அது 8,000-க்குக் கீழே நின்றால் வாரன்டிக்குப் போகலாம். கார்டின் பின்பக்க சீரியல் எண் ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். அந்த எண் எழுதிய ஜிஎஸ்டி பில், இரண்டு கம்ப்யூட்டரிலும் எடுத்த டைம் ஸ்பை ஸ்கிரீன்ஷாட், ஜிபியு-இசட்டின் சென்சார் பக்கம் ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். வெறுமனே 'ஸ்லோவா இருக்கு' என்று கொடுத்தால், அங்கே படம் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.